இரண்டாவது வாள்

முதல் நாவல் எழுதும் கஷ்டத்தைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது நாவல் எழுதும் கஷ்டத்தைப் பற்றி அதிகம் பேர் வாய் திறப்பதில்லை. முதல் நாவல் எழுதுகிறவனுக்குப் பெயர் கிடையாது; ஆகவே பயமும் கிடையாது. இரண்டாவதை எழுத உட்காருகிறபோது, முதலாவது எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. அவன் எழுதும் ஒவ்வொரு வரியையும் அது எட்டி எட்டிப் பார்க்கிறது.

என் இரண்டாவது நாவல் புத்தகமாக வந்தபோது ஒரு பத்திரிகையில் அதற்கு முக்கால் பக்கம் மதிப்புரை வந்தது. ஆவலோடு படித்தேன். அதில் கால் பக்கம் என் முதல் நாவலின் கதை. இன்னொரு கால் பக்கம், அந்த முதல் நாவலை மதிப்புரையாளர் எந்தச் சந்தர்ப்பத்தில் படித்தார், எப்படி மெய்ம்மறந்து போனார் என்பது. மிச்சமிருந்த கால் பக்கத்தில், புதிய நாவல் நன்றாகவே இருக்கிறது, ஆனால் அந்த அனுபவத்தை இது தரவில்லை என்று சொல்லி முடித்திருந்தார். என் கதாநாயகியின் பெயர் அந்த முக்கால் பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை.

அந்த மதிப்புரையை நான் மறந்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் சகோதரியின் மகன் விடுமுறையில் வந்து, ஒரு வீடியோ விளையாட்டைக் காட்டி, அதை மறுபடியும் கிளறிவிட்டான். கதை படிக்கிற நமக்கும் வீடியோ விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். கொஞ்சம் பொறுமையாக உடன் வந்தால் சம்பந்தம் தானே தெரியும்.

விளையாட்டின் பெயர் சோல் காலிபர் 2. ஜப்பானில் நாம்கோ கம்பெனி செய்தது. 2002-ல் காசு போட்டு ஆடும் கூடங்களுக்கு வந்தது; 2003-ல் வீட்டு யந்திரங்களுக்கு வந்தது. 2025 ஜூனில் நின்டெண்டோ கம்பெனி தன் புது ஸ்விட்ச் 2 யந்திரத்தை வெளியிட்டபோது, பழைய கேம்க்யூப் விளையாட்டுகளில் மூன்றைச் சந்தாதாரர்கள் அதில் ஆடுவதற்குத் திறந்துவிட்டது. அந்த மூன்றில் ஒன்று இது. இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு பழைய சிநேகிதனைக் கண்ட மகிழ்ச்சி என் மருமானுக்கு.

"இதுதான் மாமா, காலேஜ்ல ராத்திரி பூரா முழிச்சு ஆடினோமே, அது" என்றான்.

ஆயுதம் ஏந்திய இரண்டு பேர் எதிரெதிரே நின்று மோதுவதுதான் விளையாட்டு. காலம் பதினாறாம் நூற்றாண்டு. சோல் எட்ஜ் என்ற ஒரு தீய வாள். அதற்கு எதிராக சோல் காலிபர் என்ற ஒரு நல்ல வாள். அந்தத் தீய வாளைத் தேடிக்கொண்டோ, அழிக்க நினைத்தோ உலகத்தின் பல மூலைகளிலிருந்து வீரர்கள் வருகிறார்கள். ஜப்பானிய சாமுராய் ஒருவன் வருகிறான். கிரேக்க தேசத்துப் பெண் கேடயத்தோடு வருகிறாள். ஐவி என்ற ஒருத்தியின் வாள் துண்டு துண்டாகப் பிரிந்து சாட்டையைப் போல் நீளும். நம் ஊர் சுருள்வாளை நினைவூட்டும். கிலிக் என்ற இளைஞன் கையில் சிலம்பக் கம்பைப் போல ஒரு நீண்ட கழி.

ஆடுகிறவனுக்கு முக்கியமான பொத்தான்கள் நான்கே. குறுக்கு வீச்சு, மேலிருந்து இறங்கும் வெட்டு, உதை, தடுப்பு. வெட்டு வந்தால் பக்கவாட்டில் விலகிக்கொள்ளலாம். விலகுவான் என்று எதிரி ஊகித்துவிட்டால் குறுக்கு வீச்சில் பிடித்துவிடுவான். எட்டுத் திசையிலும் தாராளமாக நடக்கலாம். மேடையிலிருந்து கீழே விழுந்தால் தோல்வி. எதிரியின் ஆயுதம் வருகிற கணத்தைச் சரியாகக் கணித்து அதைத் தட்டிவிடுவதற்கும் ஒரு வித்தை உண்டு. சட்டம் இவ்வளவுதான். சதுரங்கத்துக்கும் சட்டம் கொஞ்சம்தானே!

முதல் நாள் மாலை நான் கிலிக்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, கைக்கு வந்த பொத்தானையெல்லாம் அமுக்கி, மருமானின் பதினொரு வயதுப் பெண்ணை மூன்று முறை ஜெயித்துவிட்டேன். இந்த விளையாட்டைப் பற்றி எனக்கு உடனே உயர்ந்த அபிப்பிராயம் ஏற்பட்டது. மருமான் சிரித்தான்.

"நீங்க எங்க மாமா ஜெயிச்சீங்க? கம்பு நீளமா இருக்கு, அது ஜெயிச்சுது. ரெண்டு வாரம் ஆடிட்டு அப்புறம் சொல்லுங்க."

இரண்டு வாரம் ஆடினேன். பதினைந்தாம் நாள் அந்தக் குழந்தையிடம் ஒரு ஆட்டம்கூட என்னால் ஜெயிக்க முடியவில்லை. நான் எப்போது விலகுவேன், எப்போது பயப்படுவேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "தாத்தா, நீங்க தடுக்கவே மாட்டேங்கறீங்க" என்று அவள் ஒரு வரியில் சொன்னாளே, அதைவிடச் சிறந்த விமரிசனத்தை நான் சமீபத்தில் எங்கும் படிக்கவில்லை.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த மருமான், இந்த விளையாட்டுக்கு அந்த நாளில் வந்த மதிப்புரைகளைத் தேடி எடுத்துக் கொடுத்தான். படித்தேன். என் பழைய முக்கால் பக்கம் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

இங்கே கொஞ்சம் பூர்வகதை சொல்ல வேண்டும். நாம்கோ கம்பெனி முதலில் சோல் எட்ஜ் என்ற ஒரு விளையாட்டைச் செய்தது. அது 1996-ல் பிளேஸ்டேஷன் யந்திரத்துக்கு வந்தது. அதற்கு அடுத்தது சோல் காலிபர். 1998-ல் கூடங்களில் வந்து, 1999-ல் சேகா கம்பெனியின் ட்ரீம்காஸ்ட் யந்திரத்துக்கு வந்தது. அந்த ட்ரீம்காஸ்ட் பதிப்பு பெற்ற வரவேற்பு சாமான்யமானதல்ல. ஜப்பானில் ஃபாமிட்ஸு என்று ஒரு வாரப் பத்திரிகை இருக்கிறது. அதில் நான்கு விமரிசகர்கள் ஆளுக்குப் பத்து மார்க் வீதம் நாற்பதுக்கு மார்க் போடுவார்கள். அந்தப் பத்திரிகை நாற்பதுக்கு நாற்பது போட்ட இரண்டாவது விளையாட்டு சோல் காலிபர். முதலாவது, 1998-ல் வந்த நின்டெண்டோவின் ஆகரினா ஆஃப் டைம். அமெரிக்காவிலும் பெயர் பெற்ற சில விமரிசனங்கள் பத்துக்குப் பத்து கொடுத்தன. பல விமரிசனங்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கும் மெட்டாகிரிட்டிக் என்ற ஸ்தாபனம் 2001-ல் ஏற்பட்டது. அது பழைய கணக்கைக் கூட்டிப் பார்த்து இந்த விளையாட்டுக்கு நூற்றுக்கு 98 என்று போட்டது. அந்தப் பட்டியலின் உச்சியில் உள்ள ஒரு சிலவற்றில் அது ஒன்று.

இதற்கு அடுத்துப் பிறந்த குழந்தையின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

சோல் காலிபர் 2-ஐ விமரிசகர்கள் திட்டவில்லை. பிளேஸ்டேஷன் 2, கேம்க்யூப், எக்ஸ்பாக்ஸ் என்று மூன்று யந்திரங்களுக்கு வந்தது. மூன்றிலும் சராசரி தொண்ணூறைத் தாண்டியது. அந்த மார்க் எனக்குக் கிடைத்திருந்தால் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பேன். ஆனால் மார்க் ஒன்று, குரல் ஒன்று. அந்த மதிப்புரைகளில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் குரல் எனக்கு நன்றாகப் பழக்கமான குரல். அழகாக இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது, ஆனால் முதலாவதைப் போல நம்மைத் தூக்கிவாரிப் போடவில்லை என்கிற குரல்.

தூக்கிவாரிப் போடவில்லை என்பது ஒரு குற்றச்சாட்டா? அந்தத் தூக்கிவாரிப் போட்டது எது என்று முதலில் பார்க்க வேண்டும்.

1998-ல் கூடங்களில் சோல் காலிபர் ஓடிய யந்திரம், பழைய பிளேஸ்டேஷனை ஆதாரமாகக் கொண்டு நாம்கோ செய்துகொண்ட ஒன்று. ட்ரீம்காஸ்டோ அதைவிடச் சக்தி வாய்ந்தது. நாம்கோக்காரர்கள் விளையாட்டை அப்படியே பெயர்த்து வைக்காமல், அந்தச் சக்திக்குத் தகுந்தபடி மீண்டும் வரைந்தார்கள். அதன் விளைவு, கூடத்தில் காசு போட்டு ஆடுவதைவிட வீட்டில் ஆடுவது அழகாக இருந்தது. அதுவரையில் வீட்டுப் பதிப்பு என்றால் கூடத்து விளையாட்டின் மங்கின நகல் என்றே எல்லோரும் சமாதானம் செய்துகொண்டிருந்தார்கள். கச்சேரியைவிடக் கிராமபோன் தட்டு நன்றாக இருந்தால் எப்படி இருக்கும்! விமரிசகர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். எழுந்து நின்றது நியாயந்தான்.

ஆனால் இரண்டாவது விளையாட்டு கூடங்களில் ஓடியது பிளேஸ்டேஷன் 2-ஐ ஆதாரமாகக் கொண்ட யந்திரத்தில். வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் இருந்ததைப் போலவே வந்தது. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாமல் போனதற்குக் காரணம் விளையாட்டு தேய்ந்துபோனதல்ல, உலகம் நகர்ந்துவிட்டது. அந்த 98 மார்க்கில் எத்தனை மார்க் வாள்வீச்சுக்கு, எத்தனை மார்க் அந்த 1999-ஆம் வருஷத்துக்கு என்று பிரித்துச் சொல்ல எந்த விமரிசகரும் முயலவில்லை. முதல் மழை நாளில் குடித்த காப்பிக்கும் மறுநாள் குடித்த காப்பிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காப்பிக்கொட்டையின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

இதை நான் வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. 2008-ல் அதே பழைய சோல் காலிபர் எக்ஸ்பாக்ஸ் 360 யந்திரத்துக்கு மறுபதிப்பாக வந்தது. அதே வாள்கள், அதே வீரர்கள். இந்தத் தடவை யாரும் எழுந்து நிற்கவில்லை. மார்க் கணிசமாகக் குறைந்தது. நியாயமாகப் பேச வேண்டுமென்றால், அந்த மறுபதிப்பில் தனியாக ஆடுகிறவர்களுக்கான ஒரு பெரிய பகுதி இல்லை. தூரத்திலுள்ளவரோடு ஆடும் வசதியும் இல்லை. குறைந்த மார்க்கில் ஒரு பங்கு அதற்குப் போகட்டும். மீதி, ஒன்பது வருஷம் கழிந்துவிட்டதற்குத்தான். பூரணத்துவம் என்று நாம் மார்க் போடும்போது மூலையில் தேதியையும் குறித்துவைக்க வேண்டும் என்பது இதிலிருந்து நான் கற்றது.

அப்படியானால் இரண்டாவதில் என்னதான் புதிது? மேடைகளைச் சுற்றிச் சில இடங்களில் சுவர் எழுப்பினார்கள். சுவர் என்றால் கேட்பதற்குச் சின்ன விஷயந்தான். ஆனால் விளிம்பில் நின்றால் விழுந்துவிடுவோம் என்கிற பயத்தோடு, மூலையில் மாட்டிக்கொள்வோம் என்கிற பயமும் சேர்ந்துகொண்டது. பயங்கள் இரண்டானால் யுக்திகள் நான்காகின்றன. இதைத் தவிர, பிரான்சு தேசத்துப் பிரபு ஒருவனும், காற்றை வணங்கும் பூசாரிப் பெண் ஒருத்தியும் வேறு சிலரும் புதிதாகச் சேர்ந்தார்கள். தனியாக ஆடுகிறவர்களுக்குப் பொன் சம்பாதித்து ஆயுதம் வாங்கும் ஒரு யாத்திரையும் உண்டு. அதன் கதை பெரும்பாலும் எழுத்திலேயே ஓடுகிறது, சப்பென்றிருக்கிறது என்று குறை சொன்னார்கள். படித்துப் பார்த்தேன். சப்பென்றுதான் இருக்கிறது.

இந்தக் குறை சரிதான். ஆனால் எந்தக் குறை கண்ணில் படுகிறது, எது படுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மதிப்புரைகாரர் வாரப் பத்திரிகைக்கு எழுதுகிறவர். விளையாட்டு அவர் கைக்கு வந்து சில நாட்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த நாட்களில் படம் தெரியும், சங்கீதம் கேட்கும், எத்தனை பாத்திரங்கள், எத்தனை மேடைகள் என்று எண்ணலாம், கதை சப்பென்றிருப்பதும் தெரியும். இரண்டு பேர் ஆறு மாதம் எதிரெதிரே உட்கார்ந்து ஆடிய பிறகு விளையாட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது. நானும் முதல் நாள் மூன்று முறை ஜெயித்தவன்தானே! அன்றே என்னை மதிப்புரை எழுதச் சொல்லியிருந்தால், நீண்ட கம்பு இருந்தால் போதும் என்று எழுதியிருப்பேன்.

இந்த மாதிரி விளையாட்டை நாவலோடு ஒப்பிடுவதைவிட வீணையோடு ஒப்பிடுவது பொருந்தும். வீணையைத் தட்டிப் பார்க்கலாம். மரத்தைத் தடவிப் பார்க்கலாம். தந்த வேலைப்பாட்டை மெச்சலாம். அதில் என்ன ராகம் பிறக்கும் என்பது வாங்கிக்கொண்டு போகிறவரின் விரலையும் வருஷங்களையும் பொறுத்தது. சோல் காலிபர் 2-ஐ அப்படி வாங்கிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். 2003-ல் ஈவோ என்ற பெரிய சண்டை விளையாட்டுப் போட்டியில் இதுவும் இடம் பெற்றது. அங்கே ஆடியவர்கள் புதுமை போதவில்லை என்று கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். வீச்சுக்கும் தடுப்புக்கும் நடுவே உள்ள அரைக் கணத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பார்கள்.

விமரிசகர்கள் அதிகம் பேசிய இன்னொரு விஷயம் விருந்தாளிகள். மூன்று யந்திரங்களுக்கும் மூன்று விருந்தாளிகளை நாம்கோ அழைத்து வந்தது. கேம்க்யூபில் நின்டெண்டோவின் லிங்க். பிளேஸ்டேஷன் 2-ல் நாம்கோவின் டெக்கன் விளையாட்டைச் சேர்ந்த ஹெய்ஹாச்சி என்ற கிழவன். எக்ஸ்பாக்ஸில் டாட் மக்ஃபார்லேன் என்ற கனடாச் சித்திரக்காரரின் ஸ்பான். ஒரு பதிப்பில் உள்ளவன் இன்னொன்றில் இல்லை. ஒரே தொடர்கதையை மூன்று பத்திரிகைகள் வெளியிட்டு, கடைசி அத்தியாயத்தை மட்டும் ஒவ்வொன்றும் வேறு விதமாகப் போட்டால் எப்படி? வாசகர் மூன்றையும் வாங்குவார் என்பது கணக்கு. இந்த வியாபாரத்தைக் கண்டித்திருக்கலாம். ஆனால் நடந்தது வேறு. எந்த யந்திரத்தின் விருந்தாளி உயர்த்தி என்று ஒப்பிடுவதே விமரிசனத்தின் பெரும்பகுதியாகிவிட்டது. விமரிசகர் கடைக்காரரின் பக்கத்தில் நின்று சரக்கைக் காட்டுகிறவராகிவிட்டார்.

ஆனாலும் அந்த ஒப்பீட்டில் ஓர் உண்மையான ரசனைக் கேள்வி ஒளிந்திருந்தது. லிங்க் வாளும் கேடயமும் ஏந்துகிறவன். வில்லும் வெடியும்கூட வைத்திருக்கிறான். இந்தச் சபையில் அவன் அந்நியனாகத் தெரிவதில்லை. ஹெய்ஹாச்சியோ வெறுங்கையால் அடிக்கிறவன். ஆயுதமே உயிர் என்றிருக்கும் ஓர் உலகத்துக்குள் கைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். ஒரு பாத்திரம் ஓர் உலகத்தில் பொருந்துவதற்கு அவனுடைய பிரபல்யம் போதாது, அவன் கையில் இருப்பதும் அந்த உலகத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். கதை எழுதுகிறவர்களுக்கு இது நல்ல பாடம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்த லிங்க் யார்? ஃபாமிட்ஸுவில் முதன்முதலாக நாற்பதுக்கு நாற்பது வாங்கிய ஆகரினா ஆஃப் டைமின் கதாநாயகன். முதல் பூரண மார்க்கின் நாயகன், இரண்டாவது பூரண மார்க்கின் வாரிசு வீட்டுக்கு விருந்துக்கு வந்தான். வாரிசை யாரும் கவனிக்கவில்லை, விருந்தாளியைத்தான் கவனித்தார்கள்.

வாரிசு என்றதும் எனக்கு இந்த விளையாட்டில் வரும் ஒரு பெண்ணின் ஞாபகம் வருகிறது. முதல் சோல் காலிபரில் சோபிடியா என்ற கிரேக்கப் பெண் குட்டை வாளும் கேடயமும் ஏந்திப் போராடினாள். ரசிகர்களுக்கு அவளிடம் அபார பிரியம். இரண்டாவதில் அவளுடைய தங்கை கசாண்ட்ரா அதே மாதிரி வாளும் கேடயமுமாக வந்து அக்காவின் இடத்தில் நின்றாள். அக்காவின் வீச்சையே தங்கையும் வீசுகிறாள் என்று குறை வந்தது. நான் கசாண்ட்ராவாகச் சில நாட்கள் ஆடிப் பார்த்தேன். ஒரே குடும்பத்து வித்தை என்பது தெரிகிறது. ஆனால் அக்கா அளந்து அடிக்கிற இடத்தில் தங்கை பொறுமை இழந்து பாய்கிறாள். அக்காவைத் தேடிக்கொண்டே பார்த்தால் தங்கையின் இந்தப் பாய்ச்சல் பிழையாகத் தெரியும். தங்கையையே பார்த்தால், அது அவளுடைய சுபாவம் என்பது தெரியும். சோல் காலிபர் 2 என்ற விளையாட்டே ஒரு கசாண்ட்ராதான்.

இதற்குப் பின் வந்தவற்றின் கதையையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகிறது. மூன்றாவது விளையாட்டு 2005-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு மட்டும் வந்தது. இந்தத் தடவை கூடங்களில் முதலில் ஓட்டிப் பார்க்காமல் நேராக வீட்டுக்கு அனுப்பினார்கள். இதன் பொருளைத் தமிழ் வாசகர்கள் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். காசு போட்டு ஆடும் கூடம் என்பது வாரப் பத்திரிகைத் தொடர்கதை மாதிரி. வீட்டுப் பதிப்பு என்பது புத்தகம். தொடர்கதை வருகிறபோது வாசகர்கள் கடிதம் எழுதுகிறார்கள். பத்தாவது வாரத்தில் செத்துப்போன சித்தப்பா பதினாறாவது வாரத்தில் காப்பி குடித்தால் மறு தபாலில் கேட்டுவிடுகிறார்கள். ஆசிரியன் நாக்கைக் கடித்துக்கொண்டு, புத்தகமாகும்போது திருத்துகிறான். கூடத்தில் ஒவ்வொரு காசும் ஒரு வாசகர் கடிதம். எந்த வீரனின் எந்த அடிக்கு மாற்றே இல்லை என்பதை அந்தக் காசுகள் சொல்லிவிடும். மூன்றாவது விளையாட்டு தொடர்கதையாக வராமலே புத்தகமாயிற்று. வீரர்களின் பலம் சமனாக இல்லை என்று முறையிட்டார்கள். சேமித்துவைத்த ஆட்டக் கணக்கு அழிந்துபோகிறது என்ற புகாரும் எழுந்தது. 2006-ல் திருத்திய பதிப்பு ஒன்றைக் கூடங்களுக்கு அனுப்பினார்கள். புத்தகம் போட்ட பிறகு தொடர்கதை!

அப்போதுதான் பலருக்கு இரண்டாவது விளையாட்டின் அருமை தெரிந்தது. அதன் சமன், அதன் சுத்தம், அதன் நிதானம் எல்லாம் தானாக வந்தவை அல்ல, உழைப்பால் வந்தவை என்பது தெரிந்தது. 2003-ல் 'சுத்தமாக இருக்கிறது' என்று ஒரு சொல்லில் தாண்டிப் போனார்களே, அந்தச் சொல்லுக்குள் ஒரு வருஷத்து வேலை இருந்தது.

2012-ல் வந்த ஐந்தாவதில் கதையைப் பதினேழு வருஷம் முன்னே தள்ளிவைத்து, பழைய பாத்திரங்கள் பலரை விலக்கி, புது முகங்களைக் கொண்டுவந்தார்கள். எங்கள் பழைய வீரர்கள் எங்கே என்று கூக்குரல் எழுந்தது. மாறவில்லை என்பது 2003-ன் குறை. மாறிவிட்டது என்பது 2012-ன் குறை. 2018-ல் வந்த ஆறாவதில் கதையை மறுபடியும் பழைய காலத்துக்கே இழுத்துக்கொண்டு போய், முதல் சோல் காலிபரின் சம்பவங்களைத் திரும்பச் சொன்னார்கள். முதலாவது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரும் என்று சொன்னேன் அல்லவா? இருபது வருஷமாகியும் அது எழுந்து போகவில்லை.

ஆனால் 2025-ல் நின்டெண்டோ பழைய பெட்டியைத் திறந்தபோது வெளியே வந்தது இரண்டாவதுதான். லிங்க் இருக்கிற காரணத்தால் அந்தக் கம்பெனி இதைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்பது எனக்கும் தெரியும். அதனால் என்ன? எந்தக் காரணத்துக்காகக் கதவு திறந்தாலும், உள்ளே இருப்பது நல்லதாக இருந்தால் ஒரு பதினொரு வயதுக் குழந்தை அதை வைத்து ஒரு கிழவனைத் தோற்கடிக்க முடிகிறது. அந்தக் குழந்தை முதலாவதை ஆடியதில்லை. அவளிடம் ஒப்பிடுவதற்கு எதுவும் இல்லை. ஆகவே அவள் அதை அதுவாகவே பார்த்தாள்.

பழையதை மறந்துவிட்டு விமரிசனம் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஞாபகம் இல்லாத விமரிசகர் விமரிசகரே அல்ல. முதல் படைப்பை இரண்டாவதோடு வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் வைத்துப் பார்க்க வேண்டியது படைப்பைப் படைப்போடு; படைப்பை நம்முடைய பரவசத்தோடு அல்ல. பரவசம் நம்முடைய சொந்தச் சொத்து. அதில் பாதி அன்றைய வயது, அன்றைய மழை, அன்றைய நண்பர்கள். அது திரும்பி வராததற்கு இன்னொருவனுடைய உழைப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது.

மருமான் ஊருக்குப் போன பிறகு என் இரண்டாவது நாவலை எடுத்துப் படித்தேன். எழுதியவன் என்ற எண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் படித்தேன். கடைசி மூன்று அத்தியாயங்கள் ஓட்டமாக ஓடுகின்றன. கதாநாயகி எடுக்கும் முடிவுக்கு வேண்டிய அவகாசத்தை நான் கொடுக்கவில்லை. அந்த மதிப்புரையாளர் கெட்டிக்காரர். தேடியிருந்தால் இதைக் கண்டுபிடித்திருப்பார். சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். ஆனால் மூன்றாவது நாவலுக்கு உபயோகப்பட்டிருக்கும். அவர் முதல் நாவலைத் தேடிக்கொண்டிருந்ததால் இரண்டாவதின் குணமும் அவருக்குத் தெரியவில்லை, குறையும் தெரியவில்லை. எனக்கு இப்போது வருத்தம் புகழாமல் விட்டதற்கல்ல. உருப்படியாகத் திட்டாமல் விட்டதற்குத்தான்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டு முடித்துவிடுகிறேன். இளம் எழுத்தாளர் ஒருவரின் இரண்டாவது நாவலுக்கு மதிப்புரை எழுதி, தபாலில் சேர்ப்பதற்காக மேஜைமேல் வைத்திருந்தேன். அதை எடுத்துப் பார்த்தேன். முதல் நாவலின் கதை கால் பக்கம். அதை நான் ரயிலில் படித்து மெய்ம்மறந்தது கால் பக்கம். பிறகு, அந்த உயரத்தை இது எட்டவில்லை என்ற வாக்கியம், என் சொந்தக் கையெழுத்தில், அழகாக உட்கார்ந்திருந்தது.

கிழித்துப் போட்டுவிட்டு நாவலை முதலிலிருந்து மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை மதிப்புரையைக் கதாநாயகியின் பெயரோடு ஆரம்பிப்பதாக உத்தேசம்.